நாலாவது வளைவு

புரட்டாசி பிறந்து பதினாறு நாளாகியும் பத்திரகாளி மதினி விதைக்கவில்லை. இடைசெவல் போகிற பாதையில் அவர்களுக்கு நாலரை ஏக்கர் கரிசல் இருக்கிறது. சுற்றிலும் எல்லாரும் மழையை நம்பி மக்காச்சோளமும் உளுந்தும் போட்டுவிட்டார்கள். மதினியின் காடு மட்டும் உழுத சாலோடு அப்படியே கிடந்தது. தெற்கே மேகம் கூடும், இருட்டும், காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கும், பிறகு எல்லாம் கலைந்து வெயில் வந்துவிடும். மதினி விதை மூட்டையை வாசலுக்கு இழுத்து வருவதும் திரும்ப உள்ளே தள்ளுவதுமாக இருந்தார்.

காரணம் மழை இல்லை. அவர் மகன் ஓட்டுகிற ரேஸ் பைக்.

என் பெயர் சோலைராஜ். கோவில்பட்டியில் ஒரு சின்ன லோடு வேன் வைத்திருக்கிறேன். மதினியின் வீட்டுக்காரர் லிங்கராஜ் அண்ணாச்சி தீப்பெட்டி யூனிட் நடத்துகிறார். வாரத்தில் மூன்று நாள் அங்கே பண்டல் ஏற்றுவது என் பிழைப்பு. வருஷத்தில் ஐந்து தடவை அதே வேனில் அவர் மகன் ஹரிஹரசுதனின் பைக்கை ஏற்றிக்கொண்டு சென்னை டிராக்குக்குப் போவேன். தீப்பெட்டிக்கு வாங்குகிற வாடகையைத்தான் பைக்குக்கும் வாங்குகிறேன். இதில் என் வீட்டுக்காரிக்கு இன்றுவரை வருத்தம் உண்டு.

ஹரிக்கு இருபத்தெட்டு வயது. எட்டு வருஷமாக ஓட்டுகிறான். அவன் ஆரம்பித்தபோது இந்தப் பந்தயத்துக்கு நல்ல மெக்கானிக் ஒருவரும் கொஞ்சம் முரட்டுத்தனமும் போதும். கார்புரேட்டரில் கைவைப்பார்கள், சைலன்சரை அறுத்து ஒட்டுவார்கள், வண்டி பறக்கும். இரண்டு வருஷம் மூன்றாவதாக வந்து கோப்பை வாங்கினான். அதற்குப் பிறகு பெரிய டீம்கள் லாரியோடு வந்து இறங்கின. இன்ஜினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்ய ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. கிளட்சைத் தொடாமல் கியர் மாற்ற ஒரு சென்சார். டயரைச் சூடாக்க மின்சாரப் போர்வை. ஓட்டுகிறவன் எந்த வளைவில் என்ன செய்தான் என்று எழுதி வைக்க இன்னொரு பெட்டி. ஒரு ஜோடி டயர் வாங்குகிற காசு எங்கள் யூனிட்டில் ஒரு பெண்ணின் மூன்று மாதச் சம்பளம். அதை ஒரே பந்தயத்தில் ஓட்டிவிட்டு அவர்கள் தூக்கிப் போடுவார்கள். நாங்கள் அதைக் கால் விலைக்கு வாங்கி வந்து ஓட்டுவோம்.

அடுத்த வருஷத்திலிருந்து பழைய பைக்கே செல்லாது என்று விதி வந்துவிட்டது. பெரிய டீம் ஒன்றில் எல்லாம் பூட்டித் தயாராக வைத்திருக்கிற வண்டியை ஒரு வருஷம் ஓட்டப் பன்னிரண்டு லட்சம். அதற்கு ‘சீட்’ என்று பெயர். காலேஜ் சீட்டுக்குக் காசு வாங்குவான், தேர்தல் சீட்டுக்கு வாங்குவான், பைக் சீட்டுக்குமா என்று நான் கேட்டபோது ஹரி சிரித்தான். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

அவர் அந்தப் பன்னிரண்டு லட்சத்துக்காக மதினியின் காட்டை சோலார் கம்பெனிக்கு விற்கலாம் என்று தரகர் செல்லத்துரையிடம் பேசிவிட்டார். செல்லத்துரை ஒரே ஒரு நிபந்தனை சொன்னான். விதை விழுந்துவிட்டால் தை மாசம் அறுப்பு முடியும்வரை கம்பெனி இடத்தைத் தொடாது. அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். ஆக, விதைப்பதா வேண்டாமா என்பதுதான் விற்பதா வேண்டாமா என்பது. நிலம் மதினிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. இந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம் முடியட்டும், பிறகு சொல்கிறேன் என்றிருந்தார். ஆனால் பொறுத்திருக்கத்தான் அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பந்தயத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் யூனிட் சாவியைக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். மதினி விடவில்லை, தட்டைப் போட்டு உட்கார வைத்துவிட்டார். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். அண்ணாச்சி சாப்பிடும்போதுகூட ஓரிடத்தில் இருக்கமாட்டார். தட்டோடு எழுந்து வாசலுக்குப் போய் மேகத்தைப் பார்ப்பார், திரும்ப வருவார், உட்காருவார், மறுபடி எழுந்திருப்பார்.

“மேலக்காட்டுல பூவனலிங்கம் நேத்து விதைச்சிட்டான். நம்ம காடுதான் மொட்டையாக் கெடக்கு. போறவன் வாரவன் எல்லாம் ஏன்னு கேக்கான்,” என்றார் மதினி.

“கேட்டா கேட்டுட்டுப் போறான். இன்னும் ஆறு நாளுதான,” என்றார் அண்ணாச்சி.

“ஆறு நாளைக்குள்ள மழை விழுந்துட்டா? ஈரக் கரிசல்ல டிராக்டர் எறங்குமா? அந்தால பதியம் போட்டாப்ல நிக்கும்.”

“விழாது.”

“உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் விழுமோ.”

“மதினி, மேகத்துக்கும் அண்ணாச்சிக்கும் ஏதோ பேச்சுவார்த்தை நடக்கு. அதான் அடிக்கடி வாசலுக்குப் போறாவ,” என்றேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

மருமகள் சுதாராணி ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு மறு கையால் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். பி.சி.ஏ. படித்த பெண். யூனிட்டுக்கு பில் போடுவது அவள்தான். எதில் பின்தங்குகிறோம் என்று தெரியாமல் பன்னிரண்டு லட்சத்தை எங்கே கொண்டு கொட்டுவது என்று முதலில் கேட்டவளும் அவள்தான். சென்னையில் பெரிய டீம் ஒன்றுக்குத் தலைமை மெக்கானிக்காக இருக்கிற சக்திகுமார் எங்கள் பக்கத்துக்காரர், புதியம்புத்தூர். அவரிடம் கெஞ்சி டேட்டா பெட்டியை ஒரு நாள் வாடகைக்கு வாங்கி, போன வாரம் ஹரியின் பைக்கில் மாட்டிப் பயிற்சி ஓட்டினோம். சக்திகுமார் ஒப்பிட்டுப் பார்க்கத் தங்கள் ஆள் ஓட்டிய ஒரு சுற்றின் டேட்டாவையும் கொடுத்திருந்தார். அதை வைத்து நாங்கள் என்ன செய்துவிடப் போகிறோம் என்கிற தைரியம்தான்.

“ஏட்டி சுதா, என்ன சொல்லுது அந்தப் பொட்டி?”

“இன்னும் பாக்கணும் அத்தை. வெறும் கோடு கோடா இருக்கு. பிடிபட ரெண்டு நாளு ஆவும்.”

“கோடெல்லாம் கெடக்கட்டும்,” என்றார் அண்ணாச்சி. “நேர் ரோட்டுல நம்ம வண்டி கொறயுதா இல்லையா, அத மட்டும் சொல்லும்மா.”

“கொறயுது மாமா. அவிய வண்டியவிட ஆறு கிலோமீட்டர் வேகம் கம்மி.”

“அதான. நான் என்ன சொன்னேன்? எல்லாம் வண்டிதான். பையன் மேல ஒரு குத்தமும் கிடையாது. நல்ல வண்டியக் குடுத்துப் பாருங்க, அப்பத் தெரியும்.”

ஹரி பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டான். வயிறு சரியில்லை என்றான். போன வருஷம் ஜூன் மாசப் பந்தயத்தில் நாலாவது வளைவில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து வந்தவன் அவன். எலும்பு கூடிவிட்டது, பந்தயம் கூடவில்லை. மூன்றாவது, நான்காவது என்று வந்துகொண்டிருந்தவன் ஏழு, எட்டு என்று இறங்கிவிட்டான். வண்டி பழசாகிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நானும் டீக்கடையில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து யூனிட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் ரூமிலிருந்து சுதா கூப்பிட்டாள். முகம் வாடிக் கிடந்தது.

“சோலைண்ணே, ஒரு நிமிசம் உள்ள வாங்க. நான் பாக்குறது சரியான்னு நீங்க சொல்லுங்க.”

“எனக்கு என்னம்மா தெரியும் அதுல?”

“ஒண்ணும் தெரிய வேண்டாம். கண்ணு தெரிஞ்சாப் போதும்.”

திரையில் இரண்டு கோடுகள். நீலம் சக்திகுமாரின் ஆள், சிவப்பு ஹரி.

“இது ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்குன்னு காட்டுதது. மேல முட்டிக்கிட்டு நின்னா முழுசாத் திறந்திருக்குன்னு அர்த்தம். ஒண்ணாவது வளைவு, ரெண்டாவது வளைவு, ரெண்டு கோடும் ஒண்ணாத்தான் போவுது. இப்ப இங்கன பாருங்க. நாலாவது வளைவு. நீலம் அப்படியே மேலயே போவுது. நம்ம செவப்பு?”

சிவப்புக் கோடு அந்த இடத்தில் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கி ஏறியது.

“வண்டி திணறுதோ?” என்றேன்.

“வண்டி திணறுனா இந்தக் கோடு விழாதுண்ணே. ஆக்ஸிலேட்டரைக் கையால மூடினாத்தான் விழும். ஒரு சுத்துல இல்ல, பதினெட்டுச் சுத்துலயும் இப்படித்தான்.” அவள் அடுத்த சுற்றைத் திரையில் நகர்த்தினாள். “ஒரு செகண்டைப் பத்தாப் பிரிச்சா, சுத்துக்கு ஏழு பங்கு நாம பின்னால இருக்கோம். அதுல மூணு பங்கு வண்டி. மிச்சம் நாலு பங்கு இந்த ஒரு வளைவு. நான்தான் தப்பாப் படிக்கேன்னு நினைச்சு யூடியூப்ல கெடந்து எல்லாத்தையும் பாத்துட்டேன். தப்பு இல்ல.”

இப்படி ஒரு மனுஷனை உள்ளங்கை வரைக்கும் பிரித்துக் காட்டுகிற சாமானைக் காசு கொடுத்து வாடகைக்கு வாங்கி வந்தோமே என்று எரிச்சல்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து ஹரி தார்ப்பாய்க் கயிற்றோடு உள்ளே வந்தான். சுதா எதுவும் பேசாமல் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

பார்த்தான். கயிற்றைக் கையில் சுற்றினான், அவிழ்த்தான்.

“தெரியும்,” என்றான்.

“தெரியுமா? தெரிஞ்சா ஏன் சொல்லல?”

“என்னன்னு சொல்ல? நான் மூடணும்னு மூடுறதில்ல சுதா. அந்த இடம் வந்தா கை தானா மூடிக்கிடுது. அடுத்த சுத்துல மூடக்கூடாது, மூடக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டே வாரேன். அப்பவும் மூடிக்கிடுது.”

“விழுந்தவன் எவனுக்கும் கொஞ்ச நாளு இருக்கத்தான் செய்யும்,” என்றேன் நான். “வருசம் ஒண்ணாச்சேலே.”

“நான் தப்புப் பண்ணி விழுந்திருந்தா போயிருக்கும்ணே. என்ன தப்புன்னு தெரிஞ்சா அடுத்த வாட்டி அதைச் செய்யாம இருக்கலாம். நான் ஒண்ணுமே தப்புப் பண்ணல. எப்பவும் படுக்குற மாதிரிதான் வண்டியைப் படுக்கப் போட்டேன். டயரு பிடிக்கல.”

“பழைய டயருன்னா அப்படித்தான?”

“பழசுனால இல்லண்ணே.” அவன் கதவை ஒருச்சாய்த்துவிட்டு உட்கார்ந்தான். “அப்பா அதைக் காயுற ரூம்ல வச்சிருந்தாவ.”

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. சென்னையில் பெரிய டீம்கள் டயருக்கு மின்சாரப் போர்வை போர்த்தியிருப்பதை அண்ணாச்சி பார்த்தார். சூடான டயர்தான் ரோட்டைப் பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டார். போர்வை விலையையும் கேட்டார். ‘சூடுதான வேணும்? நம்மகிட்ட இல்லாத சூடா?’ என்றார். மழைக்காலத்தில் மருந்து முக்கிய தீக்குச்சி காய்வதற்கென்று யூனிட்டில் ஒரு அறை இருக்கிறது. ஹீட்டர் போட்டுக் கதவை அடைத்துவிட்டால் உள்ளே நின்றவன் சட்டை பிழிகிற மாதிரி வேர்த்துவிடும். மழை இல்லாத மாசத்தில் சும்மா கிடந்த அந்த அறையில் ஹீட்டரைப் போட்டு டயரை அடுக்கி வைத்தார். புறப்படுகிற அன்று அதைத் தூக்கி வேனில் போட்டவன் நான். கைக்கு இதமான சூடு. ‘அண்ணாச்சி மூளையே மூளை’ என்று புகழ்ந்தவனும் நான்தான்.

“போர்வைங்கது ஓட்டுறதுக்கு முன்னால ஒரு மணி நேரம் போர்த்துறது,” என்றான் ஹரி. “நாள்கணக்கா வெந்தா ரப்பர்ல இருக்குற பசை எல்லாம் போயிரும். நான் விழுந்த பொறவு சக்தியண்ணன் வந்து டயருல நகத்தால குத்திப் பாத்தாவ. நகம் எறங்கல. எங்கன வச்சிருந்தியன்னு கேட்டாவ. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. அப்பாகிட்ட சொல்லிராதியன்னு கையப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன். அப்பாகிட்ட நான் பிரேக்கை லேட்டாப் பிடிச்சிட்டேன்னு சொல்லிட்டேன்.”

“இப்ப போட்டிருக்குற டயரு நல்ல டயருதான?” என்றாள் சுதா.

“நல்ல டயருதான். எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியல.”

வெளியே பெண்கள் பெட்டி அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சுதா லேப்டாப்பை மூடினாள்.

“மாமாகிட்ட நான் சொல்லுதேன்.”

“வேண்டாம். தாங்க மாட்டாவ.”

“காடு போனா அத்தை தாங்குவாவளா? பன்னெண்டு லட்சம் குடுத்துப் புது வண்டில ஏறி, அதுலயும் அந்த எடத்துல கை மூடிக்கிட்டா? அப்ப யாரக் குத்தம் சொல்லுவீங்க?”

அவன் தார்ப்பாய்க் கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அன்று சாயங்காலம் என்னையும் வரச் சொல்லியிருந்தாள். ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், நடக்கவில்லை. அவள் சுற்றி வளைக்கவில்லை. திரையைக் காட்டினாள், கோட்டைக் காட்டினாள், டயர் விஷயத்தையும் சொன்னாள். அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. வராத சரக்கைப் பற்றி வியாபாரியிடம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். அண்ணாச்சி வாழ்நாளில் முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“பதினோரு நாளு,” என்றார் கடைசியில்.

“என்னது?”

“பதினோரு நாளு வச்சிருந்தேன். ஹீட்டர் அணைஞ்சிரக்கூடாதுன்னு ராத்திரி எந்திரிச்சு வேற பாத்துட்டு வந்தேன்.” மகன் பக்கம் திரும்பவே இல்லை. “ஏலே, நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா.”

“சொல்லி என்னப்பா ஆவப்போவுது.”

“ஒண்ணும் ஆவாது. நான்தான் பண்ணுனேன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். ஊரெல்லாம் போயி வண்டி சரியில்ல, வண்டி சரியில்லன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே.”

மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அழவும் தெரியும், அழுதுகொண்டே சண்டை போடவும் தெரியும்.

“ஏழுல மூணு பங்கு வண்டிங்கா, நாலு பங்கு இவங்கா. அப்ப நான் காட்டுல மூணு பங்க வித்துட்டு நாலு பங்குல விதைக்கணுமோ? ஒரு முடிவச் சொல்லுங்க. வெத மூட்டையத் தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு போச்சு.”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறும்மா,” என்றான் ஹரி. “ஒருதடவை ஓட்டிட்டு வந்துருதேன். அதுவரைக்கும் விக்கவும் வேண்டாம், விதைக்கவும் வேண்டாம்.”

“பொறுக்குன டயரு வேண்டாம். புதுசு வாங்கு,” என்றார் அண்ணாச்சி. “நானும் வாரேன்.” விபத்துக்குப் பிறகு அவர் டிராக் பக்கமே போகவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். மதினி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை விருதுநகர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்திச் சாப்பிட்டோம். பின்னால் பைக்கும் ஹரியும் சுதாவும், முன்னால் என் பக்கத்தில் அண்ணாச்சி. இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை கட்டு தளர்ந்திருக்குமோ என்று வேனை நிறுத்தச் சொன்னார். மதுரை போய்ச் சேருமுன் நாலு தடவை நிறுத்தினேன். ஐந்தாவது தடவை, ‘அண்ணாச்சி, பைக்கு ஓடிப்போயிராது, நீங்கதான் எறங்கி ஓடிருவிய போல’ என்றேன். அதற்குப் பிறகு திருச்சிவரை வாயைத் திறக்கவில்லை. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்கே இருந்தது. திருச்சியில் மதினி போன் பண்ணி அங்கே மழையா என்று கேட்டார். ஊரில் தூறல், இப்போது மழை விழுந்தால் நாலு நாளைக்குக் காட்டுக்குள் கால் வைக்க முடியாது என்றார்.

டிராக்கில் புது டயர் வாங்கினார்கள். அண்ணாச்சி அதை யாரையும் தூக்க விடவில்லை. டென்ட் ஓரம் நிழலில் சாய்த்து வைத்தார். நிழல் நகர்ந்தது. டயரையும் நகர்த்தினார். சனிக்கிழமை பகல் முழுக்க அவர் பார்த்த வேலை இதுதான். ஞாயிற்றுக்கிழமை சக்திகுமார் தங்கள் மின்சாரப் போர்வை ஒன்றைக் கொடுத்து உதவினார். டேட்டா பெட்டியையும் சுதா விடாமல் வாங்கிவிட்டாள். போர்வை போர்த்தியதிலிருந்து அண்ணாச்சி கையில் வாட்சைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார்.

“ஒரு மணி நேரம்தான தம்பி? ஒரு நிமிசம் கூட ஆயிரக்கூடாது.”

“கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி,” என்றார் சக்திகுமார்.

“நீங்க சொல்லுவிய.”

பந்தயம் எட்டுச் சுற்று. தகுதிச் சுற்றில் ஹரி ஏழாவது. அண்ணாச்சி என்னை இழுத்துக்கொண்டு நாலாவது வளைவுக்கு எதிரே கம்பி வேலி ஓரமாகப் போய் நின்றார். வேறு இடத்தில் நிற்கலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வண்டிகளைச் சரிபார்த்து அனுப்புகிற பிட்டில் சுதா தனியாக நின்றாள்.

முதல் சுற்றில் கூட்டமாக வந்தார்கள். அந்த வளைவில் வண்டி வேகமாக வலது பக்கம் சாயும். முழங்கால் தரையில் உரசும். ஹரி வரும்போது சத்தம் ஒரு நொடி அமுங்கியதை நானே கேட்டேன். கையை மூடிவிட்டான். இரண்டாவது சுற்றிலும் அமுங்கியது, ஆனால் அந்த அளவு இல்லை. மூன்றாவது சுற்றில் எனக்குச் சத்தம் பிடிபடவில்லை. எல்லா வண்டியும் சேர்ந்து அலறியது. நாலாவது சுற்றில் அவன் மட்டும் தனியாக வந்தான். அந்தச் சத்தம் அமுங்கவில்லை. ஒரே சீராக இழுத்துக்கொண்டு போனது. “அண்ணாச்சி, கேட்டியளா?” என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டினார். ஒவ்வொருவராகத் தாண்டி நாலாவது இடத்துக்கு வந்துவிட்டான். மூன்றாவதாக ஓடியவனை வளைவில் நெருங்குவான், நேர் ரோட்டில் அவன் விலகிப் போய்விடுவான். கடைசிவரை அப்படியே போனது. நாலாவதாக வந்தான். முன்னால் வந்த மூன்றும் பெரிய டீம் வண்டிகள்.

ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவன் நேராக லேப்டாப்பிடம்தான் போனான். சுதா ஒவ்வொரு சுற்றாகப் போட்டாள். முதல் சுற்றில் சிவப்புக் கோடு பாதிக்கு இறங்கியது. இரண்டாவதில் கொஞ்சம். மூன்றாவதிலிருந்து இறங்கவே இல்லை. மேலேயே போனது.

“நேர் ரோட்டுல?” என்றான்.

“அதே ஆறு கிலோமீட்டர் கம்மி. சுத்துக்கு அதே மூணு பங்கு.”

அவன் சிரிக்க ஆரம்பித்தான். ஒன்றரை வருஷமாக அவன் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

“அப்பா, இனி வண்டியக் குத்தம் சொல்லலாம்ப்பா. மனசறிஞ்சு சொல்லலாம்.”

சக்திகுமார் வந்து அவன் முதுகில் தட்டினார். “இன்னைக்கு ஓட்டுன ஓட்டுக்கு எங்க வண்டி உன்கிட்ட இருந்திருந்தா நீதான்லே முதல்ல வந்திருப்ப. சீட்டுக்கு இன்னைக்கே பேரு குடுக்கணும். என்ன சொல்லுத?”

“வித்துருவோம்லே,” என்றார் அண்ணாச்சி உடனே. “உங்கம்மாட்ட நான் பேசிக்கிடுதேன். இப்பத்தான் உன் மேல ஒரு கொறையும் இல்லையே.”

ஹரி கையுறையைக் கழற்றி பைக் டேங்க்மேல் வைத்தான்.

“ஜெயிப்பேன்ப்பா. அடுத்த வருசம் ஜெயிச்சிருவேன். அதுக்கு அடுத்த வருசம் இன்னொரு பொட்டி வரும், பன்னெண்டு பதினஞ்சாவும். அப்ப எத விக்க? யூனிட்டயா? வேண்டாம்ணே, வேற ஆளப் பாருங்க,” என்று சக்திகுமாரிடம் சொல்லிவிட்டான். பழைய பைக் இனிச் செல்லாது என்பதால் அதுவே அவனுடைய கடைசிப் பந்தயம். சுதா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் நடந்தார். பிறகு போனை எடுத்தார்.

“பத்திரகாளி. மழை விழுந்துச்சா? தூறலோட நின்னுட்டா. சரி, டிராக்டருக்குச் சொல்லிரு. காலைல விதைச்சிரு.”

மதினி ஏதோ கேட்டார்.

“நல்லாருக்கான். ஒரு அடி கெடையாது. நாலாவது வந்திருக்கான்.”

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு மகனிடம் வந்தார். எங்கள் யாரையும் பார்க்காமல் பேசினார்.

“ஏலே. நான் பாக்கலடா.”

“என்னப்பா?”

“அந்த வளைவுலதான் நின்னேன். ஒவ்வொரு வாட்டியும் நீ வரும்போது கண்ண மூடிக்கிட்டேன். எட்டுத் தடவையும். சத்தம் போனப் பொறவுதான் திறந்தேன். ஒண்ணக்கூடப் பாக்கல.”

பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரியவில்லை. நான் பைக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹரி ஒரு டயரைப் படுக்கப் போட்டு, அதன்மேல் துண்டை விரித்து அவரை உட்கார வைத்தான். லேப்டாப்பை எடுத்து அவர் மடியில் வைத்தான். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

“எந்தச் சுத்து வேணும்ப்பா?”

“மொதல்ல இருந்து காட்டு,” என்றார் அண்ணாச்சி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு விரலைத் திரையில் சிவப்புக் கோட்டின்மேல் வைத்தார்.